இரைப்பைப் புற்றுநோயும் அதன் பரவலும்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னரின் முடிபுனைவையும் படையெழுச்சியையும் கூறுவதே வரலாறு எனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. மக்கள் உண்ட உணவும், குடித்த நீரும், அவர்களை வருத்திய நோயும் வரலாற்றுக்கு உரிய பொருள்களே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஒரு நோயின் வரலாறு இரு கூறுடையது. நோய் மக்களிடையே பெருகியும் குறைந்தும் வந்த வரலாறு ஒன்று; மனிதன் அதனை அறிந்துகொண்ட வரலாறு மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே செல்வன அல்ல. அறிவு வளர்ந்தும் நோய் குறையாதிருப்பதுண்டு. அறிவு வருமுன்னரே நோய் குறைந்து செல்வதுமுண்டு. இவ்விரு விந்தைகளையும் ஒருங்கே காட்டுவது இரைப்பைப் புற்றுநோயின் வரலாறாகும்.

இந்நோய் இன்றும் சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 9 இலட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது எனவும், ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர் எனவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டுள்ளது. நோயுற்றோர் தொகைக்கு இறந்தோர் தொகை இவ்வளவு அணித்தாக இருத்தற்குக் காரணம் யாது? நோய் தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது அதனை அறிவார் சிலர். அது பிற உறுப்புக்களுக்குப் பரவிய பின்னர் அறிவாரே பலர். ஆதலின் இரைப்பைப் புற்றுநோயின் வரலாறு பெரிதும் அதன் பரவலின் வரலாறாகவே அமைந்துவிட்டது. பரவலைக் காட்டும் குறிகளுக்கு அறிஞரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அப்பெயர்கள் வைத்திய நூல்களிலே பெருமையுடன் நிற்கின்றன. ஆனால் அக்குறிகள் நோயாளிக்கு உணர்த்திய செய்தி ஒன்றே: வைத்தியம் பிந்திவிட்டது என்பதே அது. பிந்திவந்த வைத்தியம் முந்திநிற்கக் கற்ற வரலாற்றையே இக்கட்டுரை கூற முயல்கின்றது.

ஒரு பேரரசனின் முடிவு

1821ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலுள்ள செயின்ற் எலினாத் தீவிலே சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியன் இறந்தான். மறுநாள் அவனுடைய வைத்தியராகிய அந்தோமார்க்கி, ஆங்கில வைத்தியர் பலர் உடனிருக்கப் பிரேத பரிசோதனை நடத்தினார். இரைப்பையின் உட்புறத்திற் பெரும்பகுதி புற்றுப்புண்ணாய் மாறியிருந்தது. கோப்பித் தூளைக் கரைத்தாற் போன்ற கருநிறப் பொருள் அதனுள்ளே நிறைந்திருந்தது. குருதி கசிந்து இரைப்பை அமிலத்தோடு கலந்தமைக்கு அஃது அடையாளமாகும். இரைப்பையின் கீழ்வாயிலுக்கு அருகே, சுண்டுவிரல் நுழையத்தக்க துளை ஒன்று சுவரை ஊடுருவி நின்றது. ஈரல் அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு அத்துளையை அடைத்திருந்தது. இரைப்பைப் புற்றுநோய் விளைக்கும் கேடுகளில் முதன்மையான மூன்று, அதாவது உடல் மெலிதல், குருதி கசிதல், சுவர் துளைபடுதல் ஆகியன, அந்த ஒரே உடலிற் காணப்பட்டன.

நெப்போலியனின் தந்தையார் 1785ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் இரைப்பைக் கட்டியினால் இறந்தவர். தந்தையைக் கொன்ற நோயே தன்னையும் கொல்கின்றது என்று நெப்போலியன் நம்பினான். தனது இரைப்பையை நன்கு ஆராய்ந்து, கண்டதைத் தன் மகனுக்கு அறிவித்து, அவனையாவது காக்கவேண்டும் என்று அவன் வைத்தியரை வேண்டிக்கொண்டான். இந்நோய் குடிவழியாக வருவதா என்ற வினாவை இவ்வாறு ஒரு நோயாளியே எழுப்பினான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2007ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் சிலர் அப்பழைய பரிசோதனைக் குறிப்புக்களை இக்கால அறிவோடு ஒப்புநோக்கினர். புண்ணின் பருமனையும் அருகேயிருந்த நிணநீர்க் கணுக்கள் தடித்திருந்தமையையும் கொண்டு, அது முற்றிய புற்றுநோயே என அவர்கள் முடிவு கண்டனர். குடிவழியினும், இரைப்பையிலே நெடுங்காலம் குடிகொண்ட கிருமியொன்றின் அழற்சியும், படையெடுப்புக்களின்போது உண்ட உப்பிட்ட உணவுமே காரணமாயிருத்தல் கூடும் என்றனர். இக்காலச் சிகிச்சை கிடைத்திருப்பினும் அவன் நெடுநாள் வாழ்ந்திரான் என்பதும் அவர்கள் கருத்தாகும். பேரரசனுக்கும் ஏழைக்கும் பிந்திய நோய் ஒரே முடிவையே தந்தது.

பரவலின் குறிகள்

நெப்போலியனுக்குப் பின் வந்த நூற்றாண்டு, நோய் உடலில் எவ்வாறு செல்கின்றது என்பதை ஆராய்ந்த நூற்றாண்டாகும். இரைப்பையின் சுவர் பல படைகளால் ஆனது. உட்புறத்திலே சீதமென்சவ்வும், அதன்கீழ் மென்மையான இழையமும், அதற்கப்பால் தசையும், எல்லாவற்றிற்கும் வெளியே மெல்லிய உறையும் உள்ளன. புற்று சீதமென்சவ்விலே தோன்றி ஒவ்வொரு படையாகத் துளைத்துச் செல்கின்றது. பின்னர் அது நான்கு வழிகளாற் பரவும். அருகிலுள்ள கணையம், பெருங்குடல் முதலியவற்றை நேரே பற்றுதல் ஒன்று. நிணநீர்க் கான்கள் வழியாகக் கணுக்களை அடைதல் இரண்டு. குருதிக் குழாய்கள் வழியாக ஈரலையும் நுரையீரலையும் என்பையும் அடைதல் மூன்று. வெளியுறையைக் கடந்து, வயிற்றறையின் உட்சவ்விலே விதை தெளித்தாற்போலச் சிதறி முளைத்தல் நான்கு.

இவ்வழிகளைக் கண்டோருள் முன்நிற்பவர் ஜேர்மனி நாட்டு அறிஞராகிய உறுடோல்வ் வீர்க்கோ ஆவார். உடலின் நோய்கள் யாவும் கலங்களின் நோய்களே என்ற கொள்கையை 1858ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டு நோயியலைப் புதிய வழியிற் செலுத்தியவர் அவர். அதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே, 1848ஆம் ஆண்டில், இடப்பக்கக் காறையென்புக்கு மேலே கழுத்தடியில் வீங்கும் ஒரு நிணநீர்க் கணுவுக்கும் வயிற்றுப் புற்றுக்கும் உள்ள தொடர்பை அவர் எடுத்துக்காட்டினார். வயிற்றில் உள்ள நோய்க்குக் கழுத்தில் வீக்கம் ஏன்? வயிற்றுறுப்புக்களின் நிணநீரை ஏந்திவரும் பெருங்குழாய் மார்பினூடே மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியிலேயே நாளத்துடன் கலக்கின்றது. அவ்வழியே வந்த புற்றுக் கலங்கள் அங்கே தங்கிவிடுகின்றன. இன்றும் வைத்திய மாணவர் வீர்க்கோவின் கணுவைத் தொட்டுப் பார்க்கக் கற்பிக்கப்படுகின்றனர்.

பாரிசு நகரின் புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியராகிய துரூசோ வேறொரு குறியைக் கண்டார். வெளிப்படையான காரணம் இன்றிக் கைகால்களின் நாளங்களிலே குருதி உறைந்து வீக்கம் தோன்றுமாயின், உள்ளே புற்றுநோய் மறைந்திருத்தல் கூடும் என்பதை அவர் தமது விரிவுரைகளில் விளக்கினார். 1865ஆம் ஆண்டில் அவ்விரிவுரை அச்சேறியது. ஈராண்டு கழியுமுன்னரே அக்குறி அவருடைய உடலிலேயே தோன்றியது. அதன் பொருளை அவரைவிட நன்கு அறிந்தார் எவருமிலர். தம் மாணவரை அழைத்துத் தமது நோய் இன்னதென்பதையும் இனிப் பிழைக்க வழியில்லை என்பதையும் அவரே கூறினார். 1867ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். தாம் கண்ட உண்மைக்குத் தாமே சான்றானவர் துரூசோ. குறியை அறிதல் வேறு, நோயைத் தடுத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1896ஆம் ஆண்டில் குருக்கன்பேர்க்கு என்னும் ஜேர்மானிய வைத்தியர், பெண்களின் சூலகத்திலே தோன்றும் ஒருவகைக் கட்டியை விரித்துரைத்தார். அது சூலகத்திலேயே பிறந்த புதுவகைக் கட்டி என்பது அவர் முடிபு. 1902ஆம் ஆண்டில் சிலாகன்கவ்வர் என்பார், அக்கட்டி வேறிடத்திலிருந்து, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து, வந்து படிந்த கிளைக்கட்டி என்று நிறுவினார். வந்தேறியைக் குடியானவன் என மயங்கிய இந்நிகழ்ச்சி, இரைப்பைப் புற்று எவ்வளவு ஓசையின்றிப் பரவவல்லது என்பதைக் காட்டுகின்றது. தாய்க்கட்டி ஒரு துன்பமும் செய்யாதிருக்க, சேய்க்கட்டியே முதலில் வெளிப்பட்டது.

இவ்வரிசையில் ஒரு தாதியின் பெயரும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் உரோச்செஸ்ரர் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் மேயோவுக்கு உதவியாயிருந்த கன்னியர் மேரி யோசேப்பு, நோயாளரைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தஞ் செய்யும்போது, சிலருடைய கொப்பூழிலே கடினமான முடிச்சு ஒன்றிருப்பதையும், அத்தகையோரின் வயிற்றறையிற் புற்றுப் பரவியிருப்பதையும் கவனித்தார். மேயோ 1928ஆம் ஆண்டில் இதனைப்பற்றி எழுதினார். 1949ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் அமில்ரன் பெயிலி அம்முடிச்சுக்கு அக்கன்னியரின் பெயரையே வழங்கினார். பட்டம் பெற்றோர் பலர் காணாததைக் கடமையிற் கண்ணுடைய ஒருவர் கண்டார் எனலாம்.

பரவிய நோய் விளைக்கும் கேடுகளும் இக்காலத்திலேயே ஒழுங்குபட வகுக்கப்பட்டன. கீழ்வாயில் அடைபட்டால் உண்ட உணவு இறங்காது வாந்தியாகும். குருதி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்தாற் சோகை உண்டாகும். ஈரலிலே கட்டிகள் மலிந்தாலும் பித்தக் குழாய் நெருக்குண்டாலும் காமாலை தோன்றும். வயிற்றறையின் உட்சவ்விற் சிதறிய கட்டிகள் நீரைச் சுரந்து வயிற்றைப் பெருக்கச் செய்யும். சில வேளைகளில் இரைப்பைச் சுவர் முழுவதும் தோற்பைபோலத் தடித்து விரியுந் தன்மையை இழக்கும். அந்நிலையில் நோயாளர் இரண்டு கவளத்துக்கு மேல் உண்ண இயலாது. இக்கேடுகளுட் பல, நோயின் தொடக்கத்தைவிட அதன் முதிர்ச்சியையே பெரும்பாலும் காட்டுவனவாகும்.

கத்தியின் எல்லை

உணர்விழப்பு மருந்தும் கிருமியகற்றும் முறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் கைவந்தபின், புற்றை வெட்டியெறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1879ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் பாரிசு நகரிற் பேயான் என்பவர் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியகற்றினார். நோயாளி சில நாட்களில் இறந்தார். 1880ஆம் ஆண்டு நவம்பரில் போலந்து இனத்தவராகிய உறிடிகியர் அதனையே முயன்றார்; அந்நோயாளி ஒருநாளேனும் தாங்கவில்லை. 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி வியன்னா நகரில் பில்றோத்து என்னும் பேராசிரியர், 43 வயதுடைய ஒரு பெண்ணின் இரைப்பையிலிருந்து புற்றுற்ற பகுதியை நீக்கி, எஞ்சியதை முன்சிறுகுடலுடன் இணைத்தார். அப்பெண் உயிர் பிழைத்தார்; உணவு உட்கொண்டார். வைத்திய உலகம் வியந்தது.

ஆயினும் அவ்வியப்பு நான்கு மாதமே நிலைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அப்பெண் இறந்தார். வெட்டிய இடம் செவ்வனே ஆறியிருந்தது. ஆனால் ஈரல் முதலிய இடங்களிற் கிளைக்கட்டிகள் பரவியிருந்தன. சத்திரசிகிச்சை வென்றது, நோய் தோற்கவில்லை. 1897ஆம் ஆண்டிலே சூரிச்சு நகரிற் சிலாத்தர் என்பார் இரைப்பை முழுவதையும் அகற்றினார். இரைப்பையின்றியும் மனிதர் உயிர்வாழலாம் என்பது அன்று உறுதியாயிற்று. அந்நோயாளியும் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, பின்னர்ப் பரவிய புற்றினாலேயே இறந்தார்.

இக்காலத்தில், 1889ஆம் ஆண்டில், இலண்டன் நகரின் சத்திர வைத்தியர் தீபன் பாசெற்று ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். மார்பகப் புற்றால் இறந்தோரின் பிரேத பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்த அவர், கிளைக்கட்டிகள் கண்டவாறு தோன்றுவதில்லை எனவும், வித்து எங்குஞ் சிதறினும் ஏற்ற நிலத்திலேயே முளைப்பதுபோலச் சில உறுப்புக்களிலேயே அவை மிகுதியாக வளர்கின்றன எனவும் கூறினார். இக்கருத்து எல்லாப் புற்றுக்கும் பொருந்துவதாயிற்று. கத்தி தாய்மரத்தை வெட்டவல்லது. முன்னரே காற்றிற் பறந்த வித்தை அதனால் என்செய்ய இயலும்?

எவரும் திட்டமிடாத வெற்றி

சத்திர வைத்தியர் இங்ஙனம் போராடிக்கொண்டிருக்க, எதிர்பாராத நிகழ்ச்சியொன்று அவர்களைச் சூழ நடைபெறலாயிற்று. 1930ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிற் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்களுக்கு இரைப்பைப் புற்றே தலையாய காரணமாக இருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் அத்தொகை குறைந்துவந்தது. ஐரோப்பாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. புதிய மருந்து எதுவும் இதற்குக் காரணமன்று. நோய் தோன்றுவதே குறைந்துவந்தது. எவரும் திட்டமிடாது கிடைத்த வெற்றி என்று பிற்கால ஆய்வாளர் இதனைக் குறிப்பிட்டனர்.

இதன் காரணத்தை நாடியோர் சமையலறையை நோக்கினர். குளிரேற்றிகள் வீடுகளிற் புகுமுன்னர், இறைச்சியையும் மீனையும் காப்பதற்கு உப்பிடுதலும் புகையிடுதலுமே வழியாயிருந்தன. மிகுந்த உப்பு இரைப்பையின் சீதமென்சவ்வை அரித்து, பிற நச்சுப் பொருள்கள் தாக்குவதற்கு இடங்கொடுக்கின்றது. குளிரேற்றி வந்தபின் உப்பிட்ட உணவு குறைந்தது. பழமும் பசுங்காய்கறியும் ஆண்டு முழுவதும் கிடைத்தன. குடிநீரும் வீட்டு வசதியும் திருந்தின. புகையிலை இந்நோயைப் பெருக்குவதும், ஆண்களிடத்தே இது பெண்களினும் ஏறத்தாழ இருமடங்கு மிகுவதும் ஆராய்ச்சிகளால் தெளிந்தன. 1953ஆம் ஆண்டில் ஆங்கில ஆய்வாளர் சிலர் ஏ வகைக் குருதியுடையோரிடம் இந்நோய் சற்று மிகுந்திருத்தலைக் காட்டினர்.

உணவு மட்டுமே காரணமாயின், உணவை மாற்றியோர் உடனே காக்கப்படவேண்டும். யப்பானிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியோரை ஆராய்ந்து, என்செலும் குரிகாராவும் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. குடியேறிய முதல் தலைமுறையினரிடம் யப்பானில் இருந்த உயர்ந்த வீதத்தை ஒட்டியே நோய் காணப்பட்டது. அமெரிக்காவிற் பிறந்த அவர்களின் பிள்ளைகளிடமோ அது குறைந்திருந்தது. அஃதாவது, இளமையில் ஏதோ ஒன்று இரைப்பையிற் பதிந்து, கடல்கடந்து சென்றபின்னும் உடன்செல்கின்றது. அந்த ஒன்று யாது என்பதற்கு விடை அன்று கிடைக்கவில்லை.

கிருமியின் கண்டுபிடிப்பு

கொலம்பியா நாட்டிற் பிறந்த பெலாயோ கொறெயா என்னும் நோயியலறிஞர் விடையை நோக்கி ஒரு படி முன்சென்றார். கொலம்பியாவின் மலைநாட்டாரிடம் இந்நோய் மிகுதி, கரையோரத்தாரிடம் குறைவு. இவ்வேற்றுமையை ஆராய்ந்த அவரும் அவர் துணைவரும் 1975ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டனர். புற்று ஒருநாளிற் பிறப்பதன்று. முதலில் இரைப்பையிலே நீடித்த அழற்சி; பின் சுரப்பிகள் தேய்ந்தொழிதல்; பின் இரைப்பைச் சவ்வு குடற்சவ்வின் இயல்பை மேற்கொள்ளுதல்; பின் கலங்கள் ஒழுங்கு குலைதல்; இறுதியிற் புற்று. இப்படிகள் பல பத்தாண்டுகளிற் கடக்கப்படுகின்றன. இக்கொள்கையின் பெருமை யாதெனின், அது நோக்கைத் திருப்பியமையே. வீர்க்கோவும் துரூசோவும் புற்றுத் தோன்றியபின் அது செல்லும் வழியை நோக்கினர்; கொறெயா புற்றுத் தோன்றுமுன் அது வந்த வழியை நோக்கினார்.

அவ்வழியின் முதற்படியாகிய அழற்சிக்குக் காரணம் யாது? அமிலம் நிறைந்த இரைப்பையிற் கிருமி வாழாது என்பது அக்கால வைத்தியரின் பொதுக் கருத்து. 1979ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே உறொபின் உவோறன் என்னும் நோயியலறிஞர், அழற்சியுற்ற இரைப்பைச் சவ்வை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். 1981இல் இளம் வைத்தியராகிய பரி மாசல் அவருடன் சேர்ந்தார். அப்பற்றீரியாவை ஆய்கூடத்தில் வளர்க்கும் முயற்சிகள் பலமுறை வீணாயின; இரண்டு நாட்களில் எதுவும் முளைக்காமையால் தட்டுக்கள் எறியப்பட்டுவந்தன. 1982ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது தட்டொன்று ஐந்து நாட்கள் விடப்பட்டிருந்தது. விடுமுறை கழிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது.

உலகம் எளிதில் நம்பவில்லை. 1984ஆம் ஆண்டில் மாசல் அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி தோன்றிற்று. அகநோக்குக் கருவியாற் பார்த்தபோது இரைப்பையில் அழற்சி தெளிவாக இருந்தது. 1989ஆம் ஆண்டில் அக்கிருமிக்கு எலிக்கோபற்றர் பைலோரி என்ற பெயர் வழங்கலாயிற்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் அதற்கும் இரைப்பைப் புற்றுக்கும் உள்ள உறவைக் காட்டின. 1994ஆம் ஆண்டிற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அதனை மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையிற் சேர்த்தது. உவோறனுக்கும் மாசலுக்கும் 2005ஆம் ஆண்டில் நோபெற் பரிசு அளிக்கப்பட்டது.

யப்பானிய அறிஞர் உவெமுராவும் அவர் துணைவரும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஐயத்தைப் பெரிதும் அகற்றிற்று. அவர்கள் 1,526 பேரைச் சராசரி 7.8 ஆண்டுகள் கவனித்துவந்தனர். கிருமியுடைய 1,246 பேருள் 36 பேருக்குப் புற்றுத் தோன்றியது. கிருமியற்ற 280 பேருள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. குடியேறிய யப்பானியருடன் கடல்கடந்து சென்றது யாது என்பதும் விளங்கிற்று. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், நெருக்கமான வீட்டிலே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி, சிகிச்சை செய்யாவிடின் வாழ்நாள் முழுவதும் தங்குகின்றது. வீடும் நீரும் திருந்திய நாடுகளில் நோய் தானே குறைந்தமைக்கும் இது காரணமாயிற்று.

எனினும் கிருமி ஒன்றே போதிய காரணமன்று. அதனைச் சுமப்போருள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையிலேயே புற்று உண்டாகின்றது. கலத்தினுள்ளே தன் புரதமொன்றைச் செலுத்தவல்ல கிருமி வகைகள் கொடியன. இந்தியாவில் இக்கிருமி மிகப் பரவியிருந்தும், யப்பான், கொரியா முதலிய நாடுகளை நோக்க அங்கே பெரும்பாலான பகுதிகளில் இரைப்பைப் புற்று மிகக் குறைவு. ஆயின் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள மிசோராமில் அது மிகுந்துள்ளது. புகையிட்ட இறைச்சியும் உப்பும் புகையிலையும் அங்கு மிகுதியாக வழங்குகின்றன. வித்து, நிலம் என்ற உவமை நோயின் பரவலுக்கு மட்டுமன்றி அதன் பிறப்புக்கும் பொருந்துதல் காண்க.

ஒரு குடும்பத்தின் கேள்வி

நெப்போலியன் எழுப்பிய குடிவழி வினா இன்னும் எஞ்சியுள்ளது. பின்லாந்து அறிஞர் இலவுரேன் 1965ஆம் ஆண்டில் இரைப்பைப் புற்றை இரு வகையாகப் பிரித்தார். கலங்கள் திரண்டு குடற் சுரப்பிபோல் அமைவது ஒன்று. கலங்கள் தனித்தனியே சிதறிச் சுவரெங்கும் ஊடுருவுவது மற்றொன்று. முன்னது முதியோரிடம் மிகுதி. பின்னது இளையோரிடமும் தோன்றுவது, விரைவிற் பரவுவது.

நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றிலே தலைமுறை தலைமுறையாக இளம்வயதினர் பலர் இரண்டாம் வகைப் புற்றால் இறந்துவந்தனர். அக்குடும்பத்தாரே ஆராய்ச்சியாளரை நாடி, காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்று கேட்டனர். ஒற்றாகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பறி கில்வேர்டும் அவர் துணைவரும் 1998ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டனர். ஈ-கதெரின் என்னும் புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகு அக்குடும்பத்திற் பழுதுற்றிருந்தது. அப்புரதம் கலத்தோடு கலத்தைப் பிணைக்கும் பசை போன்றது. பசை அழிந்தால் கலங்கள் தம் கூட்டத்தை விட்டுப் பிரிகின்றன. புற்று ஏன் பரவுகின்றது என்ற பழைய வினாவுக்கும், அது ஏன் சில குடும்பங்களிற் பிறக்கின்றது என்ற வினாவுக்கும் இங்கே ஒரே விடை கிடைத்தது.

இவ்வறிவு எளிதான பரிசன்று. பழுதுற்ற அலகையுடையோர் பலர், நோய் தோன்றுமுன்னரே தம் இரைப்பை முழுவதையும் அகற்றிக்கொள்ளத் துணிகின்றனர். அதன்பின் சிறிது சிறிதாகவே உண்ணவேண்டும், பீ 12 உயிர்ச்சத்தை வாழ்நாள் முழுவதும் ஊசி முதலியவற்றாற் பெறவேண்டும், உடலும் மெலியும். நலமுடன் இருக்கும் ஒருவர் நாளைய நோய்க்காக இன்று ஓர் உறுப்பை இழக்க உடன்படுதல் பெருந்துணிவாகும். பில்றோத்தும் சிலாத்தரும் கற்பித்த சத்திரசிகிச்சை, பிந்திச் செய்தபோது தராத பயனை முந்திச் செய்யும்போது தருகின்றது.

முந்திநின்ற முயற்சிகள்

முந்துதலின் பயனை ஒரு நாடு முழுவதும் காட்டியது யப்பானாகும். 1950ஆம் ஆண்டளவில் இரைப்பையினுள்ளே செலுத்திப் படம்பிடிக்கும் சிறு கமெராவை அந்நாட்டார் அமைத்தனர். 1960களில் எக்சுக் கதிர்க் கருவி பூட்டிய வண்டிகள் ஊர்தோறும் சென்று, நோயற்றோராய்த் தோன்றிய மக்களைச் சோதித்தன. 1962ஆம் ஆண்டில் அந்நாட்டு நிபுணர், சீதமென்சவ்வையும் அதன் கீழ்ப்படையையும் கடவாத புற்றை 'ஆரம்பப் புற்று' என வரையறுத்தனர். அந்நிலையிற் கண்டு அகற்றப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர்.

இதனைப் பரவிய நோயின் சிகிச்சையோடு ஒப்பிடுக. முற்றிய இரைப்பைப் புற்றுடையோரிற் சிலருக்கு உரிய ஒரு புதிய மருந்து, 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே, நடுத்தர ஆயுளை 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்த்திற்று. அதன்பின் வந்த மருந்துகளும் சிலருக்கு மேலும் காலந் தந்துள்ளன. நோயாளிக்கும் அவர் சுற்றத்துக்கும் ஒவ்வொரு மாதமும் அரியதே. அதனை இகழ்தல் தகாது. ஆனால் வருமுன் காத்தலின் பயன் வேறு அளவினது. தைவானைச் சேர்ந்த மற்சுத் தீவுகளில் 2004ஆம் ஆண்டு முதல் மக்களைச் சோதித்துக் கிருமியை மருந்தால் அகற்றினர். அதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட, இரைப்பைப் புற்றுத் தோன்றும் வீதம் பாதிக்கு மேல் குறைந்தது. யப்பான் அரசும் 2013ஆம் ஆண்டிற் கிருமியால் வந்த இரைப்பை அழற்சிக்கான சிகிச்சையை வைத்தியக் காப்புறுதியிற் சேர்த்தது.

நோய்க்கு மருந்து கூறப் புகுந்த வள்ளுவர் நோயின் முதலை ஆராய்தலையும் வைத்தியன் கடமையாக வைத்தார். அம்முறையின் உண்மையை இந்நோயின் வரலாறு நன்கு விளக்குகின்றது. குறிகளைக் கண்ட அறிஞர் சிறியரல்லர். அவர்கள் நோயின் போக்கை வரைந்து காட்டியிராவிடின், அதன் பிறப்பை நாடும் வழியும் திறந்திராது. நெடுநாள் நீடித்த அசீரணம், காரணமற்ற மெலிவு, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், கருநிற மலம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாது காலங்கழிப்பவர், இரு நூற்றாண்டின் அறிவையும் கைவிட்டு மீண்டும் 1821ஆம் ஆண்டிலே நிற்பவராவர்.

வீர்க்கோவின் கணுவும், துரூசோவின் குறியும், கன்னியர் மேரி யோசேப்பின் முடிச்சும் இன்றும் வைத்தியசாலைகளிலே காணப்படுகின்றன. அவற்றை வைத்திய மாணவர் நோயாளியின் உடலிற் காணாது, வரலாற்று நூலில் மட்டும் படிக்கும் காலம் வருமாயின், அன்றே இவ்வரலாறு நிறைவுபெறும்.